டேரல் சுட்டுப் பார்த்த துப்பாக்கி

எங்கள் ஓக்லஹோமா துப்பாக்கி சுடும் கிளப்பில் மலிவான துப்பாக்கி வாங்கும் எவனும் அதை முதலில் டேரல் ஹட்சென்ஸிடம்தான் கொண்டுவருவான். டேரல் கேஸ் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஐந்நூறு தோட்டா சுடுவான், நோட்டில் குறைகளை எழுதுவான், "வெச்சுக்கோ" என்பான் அல்லது "தலையச் சுத்தித் தூக்கி எறி" என்பான். அதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

சனிக்கிழமைப் போட்டிகளில், சுடத் தொடங்கச் சொல்லி 'பீப்' அடிக்கும் டைமரைப் பிடித்துக்கொண்டு சுடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்பவனும் அவன்தான். வெடிமருந்து விழாத தோட்டா 'டொப்' என்று ஈனமாகச் சத்தம் போடும். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். காதுமூடியைத் தாண்டி அந்தச் சத்தத்தைக் கேட்டு "நிறுத்து!" என்று கத்த வேண்டியது பின்னால் நிற்பவன் பொறுப்பு.

டேரலுக்குக் காது போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கோடையிலிருந்தே டைமர் கத்துவது அவனுக்கு எட்டவில்லை, சுடுபவரின் தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் தலையாட்டினான். ஒருநாள் கேட்டேன்.

"யோவ், காது டாக்டரப் பாத்தியா?"

"உன் வீட்டுல நீ திட்டு வாங்குறதே எனக்கு இங்க கேக்குது, ராய்ஸ். போய் வேலையப் பாரு."

நானும் சிரித்துவிட்டு வந்தேன். கிளப் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். டைமரையும் பிடுங்கிவிட்டால் அவனிடம் என்ன மிஞ்சும் என்று பரிதாபப்பட்டேன். அந்தப் பரிதாபத்தை நினைத்தால் இன்று என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அக்டோபரில் அவன் மகள் லூவான் ஒரு பிஸ்டலோடு வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிறவள், விரல்தான் அவளுக்குச் சோறு. பிஸ்டலுக்கு இரட்டை வரிசையாகத் தோட்டா அடுக்கும் மேகசின். பெயர்பெற்ற கம்பெனியுடையது என்றால் மூவாயிரம் டாலர், இது எண்ணூறு. பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் இது போதாதா என்றாள்.

அன்று துளிக் காற்று இல்லை. வேலியோரம் மேயும் மாடுகளைக்கூடக் காணோம். டேரல் தன் கையால் மருந்து நிரப்பிய தோட்டாக்களைச் சுட்டான். முந்நூறு, நானூறு தாண்டியும் ஒன்றுகூடச் சிக்கவில்லை. விசை மட்டும் மணல் அரைப்பதுபோல நறநறக்கிறது என்று எழுதினான். கடைசி மேகசினை மகளிடம் நீட்டினான்.

"இந்தா, நீயே முடி. சுடலன்னா என்ன செய்வே?"

"தட்டு, இழு, சுடு. பன்னெண்டு வயசுலேருந்து இதே பாட்டுதானேப்பா!"

மேகசினின் அடியைத் தட்டி, துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, மறுபடி சுடுவது. யோசிக்காமல் கை தானாகச் செய்ய வேண்டும் என்று பழக்கியவன் அவன்தான்.

டேரல் டைமரோடு அவள் பின்னால் நின்றான், நான் ஓரமாக நின்றேன். ஆறாவதோ ஏழாவதோ தோட்டா, 'டொப்' என்றது.

எனக்குக் கேட்டது. டைமர் பிடித்தவன் நிற்கும்போது வேறு யாரும் வாய் திறப்பதில்லை என்பது எங்கள் கிளப் வழக்கம். அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். அரை நொடி இருக்கும். அவன் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை தட்டியது, இழுத்தது.

"நிறுத்து!" என்று நான் கத்தினேன். அவள் காது பழகியது அப்பாவின் குரலுக்கு. சுட்டுவிட்டாள்.

வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரி வாசலில் டேரல் என் சட்டையைப் பிடித்தான். "உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கல, ராய்ஸ்."

"தெரியும்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

சட்டையை விட்டான். "எத்தன நாளாத் தெரியும்?"

அவன் வண்டிக்குப் போய் நோட்டை எடுத்து, நின்றபடியே எழுதி, அந்தத் தாளைக் கிழித்து என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனான்.

"பிஸ்டலில் குறை இல்லை. தோட்டா நிரப்பியவன் நான். பின்னால் நின்றவனுக்குக் காது கேட்காது. அது ராய்ஸுக்குத் தெரியும்."