லீவு லெட்டரில் அம்மா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு டெல்லிக்கு வந்து சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா ஆனவன் நான். சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ். வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குப் பழனியில் காவடி எடுப்பதாக வேண்டுதல். முதல் வருஷம் கோயிலுக்கு என்று சொல்லியே லீவு கேட்டேன். கிடைக்கவில்லை. எங்கள் ஹெட் கிளார்க் தஞ்சாவூர்க்காரர். சிரித்தார்.

"சாமி பேரைச் சொன்னா எவன்யா லீவு தருவான்? மதர் சீரியஸ்னு போடும். எல்லாரும் எழுதறதுதான். வெறும் பார்முலா."

அவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே காப்பி எடுத்தேன். தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் என் கை எழுந்திருக்காது. இங்கிலீஷில் அது என் அம்மாவாகவே தெரியவில்லை. அந்த லெட்டரே அப்படித்தான். 'ஐ பெக்' என்று பிச்சை கேட்டுத் தொடங்கும். 'ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று வேலைக்காரனாக முடியும். யார் நிஜமாகப் பிச்சை கேட்டார்கள்? அம்மாவின் வியாதியும் அப்படி ஒரு மரியாதைச் சொல்தான் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். ஐந்து வருஷம் அதே லெட்டர். ஐந்து வருஷமும் முருகனைக் கண் குளிரப் பார்த்தேன்.

ஆறாம் வருஷம் ஆடி மாதம் தம்பியின் கடிதம் வந்தது. 'அம்மா படுத்த படுக்கையா இருக்கு. உன்னையே கேக்குது. உடனே வா.'

ஹெட் கிளார்க் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். வேறு மாதிரி எழுத எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதே வரியைத்தான் எழுதிக் கொண்டுபோனேன்.

ஆபீசர் பஞ்சாபி. "அரே, ஃபிர் மாதாஜி?" என்றார். மறுபடியும் அம்மாவா என்று அர்த்தம். ஃபைலைக் கொண்டுவரச் சொல்லி, ஐந்து லெட்டரையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். பக்கத்தில் ஆறாவதை வைத்தார். தேதியைத் தவிர ஒரு எழுத்துகூட வித்தியாசமில்லை. இதில் எது நிஜம் என்று ஹிந்தியில் கேட்டார்.

தம்பியின் கடிதத்தை நீட்டினேன். "தமிழ் எனக்குப் படிக்க வராது, டாக்டர் சர்ட்டிபிகேட் வரட்டும்" என்றார். மற்ற ஐந்தும் பொய் என்று காலில் விழுந்திருக்கலாம். வேலை போய்விடுமே என்று வாய் வரவில்லை. சொல்லாமல் ரயிலேறவும் துணிச்சல் இல்லை. சர்ட்டிபிகேட் அனுப்பு என்று தம்பிக்குத் தந்தி கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் தந்தி வந்தது. அம்மா போய்விட்டாள். சர்ட்டிபிகேட் அதற்கு மறுநாள் வந்தது.

ஊருக்குப் போனபோது தகனம் எல்லாம் முடிந்திருந்தது. "ரயில் வந்திருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுண்ணே. லீவு கிடைக்கலைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை" என்றான் தம்பி. அதன்பிறகு நான் பழனிப் படி ஏறவில்லை. எந்த முகத்தோடு ஏறுவது?

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். லீவு லெட்டர் எழுதும் நம்மவர்கள் யாரைக் கண்டாலும் இதைச் சொல்லுங்கள். கோயிலுக்குத்தானே போனான், பாவம் என்று என்மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லையும் குறைக்காதீர்கள். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.