காலர் ஆபரேட்டரின் கம்ப்யூட்டர் கிளாஸ்

என் வீட்டுக்காரருக்குப் புரமோஷன் வந்த முதல் நாளே அவர் வேலைக்கு லேட்டாகப் போனார். அதற்குக் காரணமும் அந்தப் புரமோஷன்தான்.

அதுவரைக்கும் அவர் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் மிஷின் ஆபரேட்டர். ஆபரேட்டர்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் பொம்மனஹள்ளியில் எங்கள் தெருமுனையிலேயே நிற்கும். ஹாரன் சத்தம் கேட்ட பிறகு சட்டைக்குப் பட்டன் போட ஆரம்பித்தாலும் பிடித்துவிடலாம். சூப்பர்வைசர் ஆனதும் மனிதர் 'ஸ்டாஃப்' ஆகிவிட்டார். ஸ்டாஃப் அந்த பஸ்ஸில் ஏறக்கூடாது. அவர்களுக்குத் தனியாக ஒரு வேன். அது சில்க் போர்டில் கிளம்பினால் பொம்மசந்திராவில்தான் நிற்கும். நடுவில் பொம்மனஹள்ளியில் நிற்காது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஸ்டாஃப் என்று ஒருத்தர் அதுவரை குடியிருந்ததே இல்லை.

ஆகவே என் வீட்டுக்காரர் தினமும் ஃபேக்டரிக்கு எதிர்த்திசையில் டவுன் பஸ் பிடித்து சில்க் போர்டு போய், அங்கே வேனில் ஏறி, அதே ஓசூர் ரோட்டில் எங்கள் தெருமுனையைக் கடந்து வேலைக்குப் போனார். பழைய பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஆபரேட்டர்கள் வேனைப் பார்த்துக் கை ஆட்டுவார்களாம். இவர் கண்ணாடி வழியாகத் தலையை மட்டும் ஆட்டுவாராம்.

"ரெண்டு நிமிஷம் இங்க நிறுத்துங்கன்னு சொல்றதுக்கு இன்னா கேடு?" என்று கேட்டேன்.

"வந்த ஒடனே ரூட்டை மாத்துன்னு சொன்னா இன்னா நெனைப்பாங்க? புரொபேஷன்டி. ஆறு மாசம் வாயத் தெறக்கக் கூடாது."

அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் புரொபேஷன்தான். அது முடிந்து கன்ஃபர்மேஷன் கடிதம் கைக்கு வந்தால் சூப்பர்வைசர். வராவிட்டால் பழையபடி மிஷின். அந்தப் பயத்தில் அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஆபரேட்டர் கேன்டீனில் சோறு கேட்கக் கேட்கப் போடுவார்கள். ஸ்டாஃப் கேன்டீனில் தட்டு, ஸ்பூன், நாப்கின் எல்லாம் உண்டு, சோறு மட்டும் ஒரு கிண்ணம். இரண்டாவது கிண்ணம் கேட்டால் மரியாதை போய்விடும் என்று பசியோடு வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் குக்கரைத் திறப்பார். எங்கள் வரிசையில் ஏழு வீடுகளிலும் அதிகமாக அரிசி வாங்கியது அந்தப் பெரிய மனிதர் வீடுதான்.

இதெல்லாம் அவர் பாடு, என்னவோ செய்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த ஸ்டாஃப் கேன்டீனில்தான் என் வேலைக்கு உலை வைத்தார்கள்.

நான் பொம்மனஹள்ளியிலேயே ஒரு கார்மெண்ட்ஸில் டைலர். ஒன்பது வருஷம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த லைனில் அதே மிஷின், அதே ஸ்டூல். சாப்பாட்டு மேஜையில் யாரோ ஒருத்தர் இவரிடம், "உங்க மிஸஸ் என்ன பண்றாங்க?" என்று கேட்டிருக்கிறார். அங்கே ஒருத்தர் மனைவி டீச்சர், இன்னொருத்தர் மனைவி பேங்க். இவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "கம்ப்யூட்டர் கிளாஸ் போயிட்டிருக்கா" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் பெங்களூரில் சந்துக்கு ஒரு கம்ப்யூட்டர் கிளாஸ் போர்டு தொங்கியது. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஆயுத பூஜைக்கு ஃபேமிலியெல்லாம் கூட்டிக்கினு வரச் சொல்வாங்க. அதுக்குள்ள வேலைய வுட்டு நின்னுடு."

"நான் ஏன் நிக்கணும்?"

"ஸ்டாஃப் பொண்டாட்டி எவளாவது கார்மெண்ட்ஸுக்குப் போறாளா, நீயே சொல்லு."

"ஏன் போகக் கூடாது? நான் ஏன் நிக்கணும்?"

அதற்கும் புரொபேஷன் என்றார். மறுநாள் இங்கிலீஷில் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொண்டுவந்தார். நான் அதை அரிசி டிரம்முக்கு அடியில் போட்டேன். கேட்கும்போதெல்லாம், இந்த ஷிப்மெண்ட் முடியட்டும், அடுத்த ஷிப்மெண்ட் முடியட்டும் என்று தள்ளினேன். எனக்குள் பயம்தான். அந்த ஸ்டூலை விட்டு எழுந்தால் மதியத்துக்குள் வேறு ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள். பிறகு நான் இந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து, எந்த நேரத்துக்கு இவருக்குப் பசிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கடிதம் நகரவில்லை என்றதும் அவர் வேறு வழி பிடித்தார். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி வந்தார். வேலைக்குப் போகும்போது டிபன் பையோடு போகக் கூடாதாம், ஃபைலோடு போக வேண்டுமாம். தெருவில் ஸ்டாஃப் யாராவது பார்த்துவிட்டால்? ஐயோ, அந்த ஃபைலில் டிபன் பாக்ஸ் நுழையவே இல்லை. இரண்டு சப்பாத்தியைப் பேப்பரில் தட்டையாகச் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டு போனேன். கார்மெண்ட்ஸ் கேட்டில் வெளியே வரும்போது செக்கிங் உண்டு. செக்கிங் அம்மா ஃபைலைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "ஏனம்மா, இதேனு டாகுமெண்ட்டு?" என்று கன்னடத்தில் கேட்டாள். இது என்ன டாகுமெண்டாம்! பின்னால் நின்ற நூறு பெண்களும் சிரித்தார்கள்.

வீட்டில் வேறு பாடம் நடந்தது. எங்கிருந்தோ ஒரு கம்ப்யூட்டர் கிளாஸ் நோட்டீஸ் கொண்டுவந்து, மானிட்டர், மவுஸ், ஃப்ளாப்பி என்று மனப்பாடம் செய்யச் சொன்னார். மூன்றாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் ஸ்கேலை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்பாள். "அம்மா ஃபெயில்பா" என்று அவள் அவரிடம் சொன்ன நாளில் மனிதர் நிஜமாகவே கவலைப்பட்டார். இப்படி ஒரு கூத்து வேறு எந்த வீட்டிலாவது நடந்திருக்குமா!

ஆயுத பூஜை வந்தது. பட்டுப்புடவை கட்டி, மகளுக்கு ரிப்பன் வைத்து மூன்று பேரும் போனோம். ஃபேக்டரி முழுக்க வாழைக்கன்று, மாவிலை, மிஷினுக்கு மிஷின் சந்தனம், பொட்டு. ஆபரேட்டர் குடும்பங்கள் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். போன வருஷம் நானும் அங்கேதான் நின்றேன். அரட்டை அடித்துக்கொண்டு, பொரி தின்றுகொண்டு நன்றாக இருந்தது. இந்த வருஷம் முன்வரிசையில் நாற்காலி. இந்தப் பக்கம் ஒரு டீச்சர், அந்தப் பக்கம் ஒரு பேங்க். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். ஒரு மணி நேரம் சிரித்து என் தாடையே வலித்தது.

மிஷின் பூஜை முடிந்ததும் எல்லோரையும் கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே புதிதாக வந்த கம்ப்யூட்டர். மேனேஜரின் மனைவி அதன் முகத்துக்கு மூன்று பட்டை சந்தனம் போட்டு, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார். கற்பூரம் காட்டி முடித்து, "யாராவது லேடீஸ் ஆன் பண்ணினா மங்களகரமா இருக்கும். கம்ப்யூட்டர் யாருக்கு கொத்து?" என்று பாதி தமிழ், பாதி கன்னடத்தில் கேட்டார்.

கொத்து என்றால் தெரியும். யாருக்குத் தெரியும்? அந்தப் பேங்க்காரியின் புருஷன் சந்தோஷமாக என்னைக் கை காட்டினார்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாழைக்கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போய் உட்கார்ந்தேன். மானிட்டர், மவுஸ், ஃப்ளாப்பி. மூன்றும் நினைவு இருந்தது, எதை அமுக்குவது என்பது மட்டும் அந்த நோட்டீஸில் இல்லை. பின்னால் முப்பது பேர். கை எங்கே போவதென்று தெரியாமல் மடியிலேயே கிடந்தது. ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்தால் என் கால் என்னைக் கேட்டு வேலை செய்வதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜைக்கு அடியில் அது பாட்டுக்குப் பெடலைத் தேட ஆரம்பித்தது. இடது பக்கம் துழாவியது. இல்லை. வலது பக்கம் துழாவியது. சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. ஓங்கி ஒரு மிதி மிதித்தேன்.

தரையில் இருந்த ஸ்டெபிலைசர் சுவிட்ச் அது. 'பீப்' என்று சத்தம் வந்தது, சந்தனத்துக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது.

"காலாலேயே ஆன் பண்ணிட்டாங்களே!" என்று யாரோ வியந்தார்கள். கைதட்டினார்கள். மேனேஜர் தட்டிய வேகத்தில் அவர் தட்டிலிருந்த பொரி சிதறியது. "ஸ்டோர்ஸ்ல கம்ப்யூட்டர் பாக்க ஒரு லேடி தேடிட்டிருக்கோம். திங்கக்கெழமையிலேர்ந்து உங்க மிஸஸை வரச் சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அந்த மனிதர், கடவுளே, "சரி சார்" என்றார்!

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. திங்கட்கிழமை இங்கே வந்து இந்தப் பொட்டு வைத்த பெட்டியின் முன்னால் மானம் போக வேண்டும், அங்கே என் ஸ்டூலும் போக வேண்டும். எதற்கு? ஒரு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு இவர் சொன்ன ஒரு பொய்க்கு.

"சார், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்று எழுந்து நின்றேன். "நான் கார்மெண்ட்ஸ்ல வேலை செய்யறேன். காலர் ஆபரேட்டர். ஒம்பது வருஷமா அந்த வேலைதான். வேற வேலை எனக்கு வேணாம்."

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தம் இல்லை. கன்ஃபர்மேஷன் கடிதம் கண்ணெதிரே கிழிவது போல நின்றார். எனக்கே ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது. அப்போது மேனேஜர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டைலரா நீங்க? அய்யய்யோ, மொதல்லயே சொல்லக் கூடாதா? நல்ல டைலர் கெடைக்காம செத்துப் போறேன். பிளவுஸ் தைப்பீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் உயிர் பெற்றார். "தைப்பா மேடம்! சூப்பரா தைப்பா!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜரின் கார் எங்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் நுழைந்தது. டிரைவர் நான்கு பிளவுஸ் துணியும் ஒரு அளவு பிளவுஸும் கொடுத்துவிட்டுப் போனார். வரிசையில் ஏழு வீடும் வாசலில் நின்று பார்த்தது. என் வீட்டுக்காரர் அந்தத் துணிகளைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே கொண்டுவந்தார்.

"திங்கக்கெழமைக்குள்ள தச்சுக் குடுத்துடு. கன்ஃபர்மேஷன் அவங்க வீட்டுக்காரர் கையிலதான் இருக்கு."

"எனக்கு பிளவுஸ் தைக்கத் தெரியாது."

"வெளையாடாத. நீ டைலர்தானே?"

"நான் காலர்யா! காலர் மட்டும்! ஒம்பது வருஷமா சட்டைக்கு காலர் வெச்சுக் குடுக்கறேன், கை வெக்கறவ வேற, சைடு அடிக்கறவ வேற. பிளவுஸ்ல எங்கய்யா இருக்கு காலர்?"

அவர் வாயைப் பிளந்து நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருஷமாக நான் அங்கே என்ன செய்கிறேன் என்று இந்த மனிதருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத்தான் விடச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை, மனசு விட்டுப்போயிற்று. போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்து பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "இப்ப இன்னாடி பண்றது?" என்று அவர் கேட்ட குரலில் சூப்பர்வைசரும் இல்லை, ஸ்டாஃபும் இல்லை.

சனிக்கிழமை லைனில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேர் கிளம்பி வந்துவிட்டார்கள். கை வைப்பவள், சைடு அடிப்பவள், பட்டன் வைப்பவள். பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் ஒன்றையும் கோடி வீட்டு மிஷின் ஒன்றையும் என் வீட்டுக்காரர் தலையில் வைத்துச் சுமந்து வந்தார். எங்களில் யாருக்கும் அளவெடுத்து வெட்டத் தெரியாது. அதெல்லாம் கட்டிங் செக்‌ஷன் வேலை. எங்களுக்குத் துண்டு துண்டாகக் கைக்கு வந்துதான் பழக்கம். அதனால் சைடு அடிப்பவள் மேனேஜரம்மாவின் அளவு பிளவுஸை எடுத்து, பிளேடால் கரகரவென்று தையல் பிரித்துப் பதினோரு துண்டாக்கித் தரையில் பரப்பினாள். அதை வைத்துத்தான் மற்றதை வெட்ட வேண்டும்.

டீ டம்ளர்களோடு உள்ளே வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். "ஐயையோ, அது மேடத்தோடது!" என்று அலறினார்.

"திரும்பச் சேர்த்துக் குடுத்துடுவோம்ணா. லைன் ஓடற எடத்துல நிக்காதீங்க, அப்படி ஓரமா போங்க" என்றாள் அவள். அவர் ஓரமாகப் போனார். கையும் சைடும் ஓடின. கழுத்து மட்டும் யாருடைய வேலையும் இல்லை. காலரும் கழுத்தைச் சுற்றித்தானே வருகிறது என்று மூவரும் அதை என் தலையில் கட்டினார்கள். முதல் கழுத்தை இரண்டு முறை பிரித்தேன். இரண்டாவது பிடிபட்டது.

பட்டன் வைப்பவள் கொக்கி தைத்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "அண்ணா, ஒண்ணு கேக்கணும். அக்கா வேலைய வுட்டு நிக்கப் போறாங்கன்னு லைன்ல பேசிக்கறாங்க. நெஜமா?" என்றாள்.

இரண்டு மிஷினும் நின்றன. அவர் டம்ளர் தட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். அங்கே மேனேஜரம்மா இன்னும் நான்கு துண்டாகக் கிடந்தார்.

"யாரும்மா சொன்னது?" என்று அவருக்கு ஒரே கோபம். "அவ ஏன் நிக்கணும்?"

மூன்று மாதமாக நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.