பன்னிரண்டு கணுக்களும் ஒரு ஃபெரிப் பயணமும்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு ஃபோர்க்லிஃப்ட் என்கிற பாரந்தூக்கி வண்டி ஓட்டும் சோதனை. கடலுக்கு அந்தக் கரையில் இருக்கும் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் பதினோரு வருடமாகப் பெட்டி அடுக்கியவர். தேறினால் வண்டி ஓட்டலாம். இல்லாவிட்டால் இடுப்பு வலியோடு மறுபடி பெட்டிதான். வண்டியைக் கிளப்புமுன் பார்க்க வேண்டிய பன்னிரண்டு விஷயங்களை மலாய் மொழியில் வரிசையாகச் சொல்ல வேண்டும். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன நான், அதுவும் மூளையைப் பற்றிப் படிக்கிறவன், சொல்லிக்கொடுக்கக் கிளம்பினேன்.

ஒரு வாரம் அவரை விடவில்லை. வேலை முடிந்து அவர் ஃபெரிப் படகிலிருந்து இறங்கும்போதே படகுத்துறையில் நிற்பேன். எண்ணெய், டயர், பிரேக் என்று பன்னிரண்டையும் சரியாகச் சொல்லி முடித்த கையோடு, கிடங்கின் எச்சரிக்கைப் பலகைகளுக்கு என்ன பொருள் என்று ஆரம்பித்துவிடுவேன். மறுநாள் கேட்டால் இரண்டும் கலந்து வரும்.

"நீ வாய மூடுனாதான் எனக்கு உள்ள எறங்கும் லா" என்பார். சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே வாரம் வகுப்பில் நான் பேசிய தலைப்பு ஹிப்போகாம்பஸ். மூளைக்குள் ஆழத்தில் கடல்குதிரை போலச் சுருண்டிருக்கும், நினைவுகளைச் சேர்க்கும் பகுதி. எலி ஒரு பாதையில் ஓடிவிட்டுச் சும்மா உட்காரும்போது, ஓடுகையில் துடித்த அதே செல்கள் அதே வரிசையில், பல மடங்கு வேகத்தில், மறுபடி துடிக்கின்றன. மூளையின் மேலடுக்கும் கூடச் சேர்ந்து துடித்து, பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னிடம் பதித்துக்கொள்கிறது. தூங்கும்போதும் இதே வேலைதான். படம் போட்டு விளக்கிக் கைதட்டலும் வாங்கினேன். ஆய்வுக்கூட எலிக்குக் கிடைத்த ஓய்வை அம்மாவுக்கு நான் கொடுக்கவில்லை என்பது மட்டும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கேள்வி அட்டைகளோடு நானும் ஃபெரி ஏறினேன்.

"அட்டைய எடுக்காத தம்பி. அந்தக் கர வர்ற வரைக்கும் சும்மா இருப்போம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மடியில் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு. கோயிலில் மந்திரம் எண்ணும் அதே கணக்கு. சுண்டுவிரலில் தொடங்கி, வாயால் சொல்ல முடியாத வேகத்தில் ஆள்காட்டி விரல்வரை ஓடும்; நிற்கும்; மறுபடி ஓடும். எனக்கு அந்த எலி ஞாபகம் வந்தது. அட்டைகளைப் பைக்குள் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்தேன்.

பதினொன்றரைக்கு அம்மா போன் செய்தார். சோதனை எடுத்தவர் ஏழாவதிலிருந்து சொல்லச் சொன்னாராம். நடுவிரலின் முதல் கணுவைத் தொட்டதும் மீதியெல்லாம் கடகடவென்று வந்ததாம்.

"பாஸ் லா" என்றார். "நீ என்ன பண்ற?"

நாளைக்குப் பரீட்சை, வீடு திரும்பியதிலிருந்து புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை என்றேன்.

"மூடி வச்சிட்டுக் கொஞ்சம் படு."

ஓய்வில்தான் பதியும் என்று படம் போட்டு விளக்கியவனே நான்தான். புத்தகத்தை மூடினேன். படுத்தேன்.