லண்டன் எத்தனை சுருட்டு

பேசாலையில் எங்கள் அம்மப்பா கடல் தூரத்தைச் சுருட்டுக் கணக்கில்தான் சொல்லுவார். ஒரு சுருட்டுப் புகைத்து முடிக்கிற நேரத்தில் வள்ளம் போகிற தூரம் ஒரு சுருட்டு. வலை விடுகிற இடம் அரைச் சுருட்டு, இந்தியக் கரை ஆறு சுருட்டு. அந்தக் கரையில் அகதி முகாமில் பல வருடம் கிடந்துவிட்டு, சண்டை முடிந்தபின் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் குடியேறியிருந்தோம். எனக்குப் பத்து வயது. அம்மப்பாவின் ஒரே மகன், என் மாமா, லண்டனில் இருந்தார்.

"லண்டன் எத்தனை சுருட்டு அம்மப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆருக்கடி தெரியும்? விசா கிடைச்சிட்டுது எண்டவன். வந்து சொல்லட்டும்."

அதோடு விடுகிற பிள்ளையா நான்? தேசப்படப் புத்தகத்தை விரித்து, வலை தைக்கிற நூலின் ஒரு நுனியைக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலும் மறுநுனியை லண்டனிலும் பிடித்து அளந்தேன். படத்தின் அளவுத்திட்டப்படி எண்ணாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். விமானம் மணிக்குத் தொளாயிரம் போகும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். ஆக, பத்து மணித்தியாலம். விடையை அம்மப்பாவிடம் சொல்ல வாய்க்கவில்லை. அந்தக் கிழமையே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மாமாவுக்கு எடுத்த போனை ஒரு கதிரையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டார்கள். முதல் பிடி மண்ணை மகன்தான் போட வேண்டும் என்பது அம்மாவின் ஒரே ஆசை.

"நாளையிண்டைக்கு வரைக்கும் வைச்சிருப்பம். வந்திடு தம்பி."

"வந்து சேர நாலு நாள் செல்லும் அக்கா. கனதூரம். அப்பாவை வைச்சிருக்காதேங்கோ, எடுங்கோ."

"ஓமோம், அவ்வளவு தூரமெல்லே" என்று சனம் தலையாட்டியது. அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"இல்லை மாமா! நான் நூல் பிடிச்சு அளந்தனான். பத்து மணித்தியாலம்தான். இண்டைக்கு ஏறினால் நாளைக்கு இஞ்ச நிக்கலாம்!"

ஆட்டிய தலைகளெல்லாம் போன் பக்கம் திரும்பின. பெரியம்மாதான், "இந்தப் பொடிச்சிக்குத் தெரியிற தூரம் லண்டன்காரருக்குத் தெரியேல்லையாம்" என்றார்.

மாமா, "நீ கெட்டிக்காரி பிள்ளை. நூல் எவ்வளவு நீளம் வந்தது?" என்று கேட்டார்.

"ஒரு சாண் கூட இல்லை மாமா."

"அவ்வளவு கிட்டவோ" என்றார். பிறகு, "சரி அக்கா, வாறன்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் பார்த்திருந்தோம். மாமாவின் போன் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள், இனி வைத்திருக்க ஏலாது என்று சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். முதல் பிடி மண்ணை அம்மாவே போட்டார். அதற்குப் பிறகு மாமா எடுத்த போன் எதற்கும் அம்மா மறுமொழி சொல்லவில்லை.

ஏழு வருடம் கழித்து மாமா வந்தார். அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனார். கோப்பையைப் பார்த்தபடி மாமா என்னிடம்தான் சொன்னார். அன்றைக்கு அவரிடம் விசாவும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. தகப்பன் கவலைப்படக் கூடாதென்று எல்லாம் சரிவந்ததாகச் சொல்லிவைத்திருந்தார்.

"தூரம் எண்டு சொன்னால் ஒருத்தரும் மேல கேக்கமாட்டினம் எண்டு நினைச்சன் பிள்ளை."

பத்து வயதில் எனக்கு இதொன்றும் தெரியாது. லண்டன் மாமா என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னதைத்தான் வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நம்பாத பிள்ளைகளுக்கு, கொப்பிக்குள் வைத்திருந்த அந்த நூலை எடுத்துக் காட்டினேன்.