கொழுந்து மாடியில் காய்ந்த பலகை

பலகையில் என் சுட்டுவிரல் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரமாகியும் அதன் பூச்சு காயவில்லை. பாகு பதம் தவறிய பலகாரம் போல மேலெல்லாம் பிசுபிசுத்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையில் வாசலை அடைத்துக்கொண்டு, இரண்டு ஸ்டூல்களின் மேல் கிடந்த அந்தச் சாமானை வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய பட்டத்தைக் காற்றில் விட்டு, அதன் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, இந்தப் பலகையில் நின்று கடல்மேல் வழுக்கிக்கொண்டு போவார்களாம். "இந்த நோர்வூட்டு மலையில கடலு எந்தப் பக்கம் தம்பி இருக்கு?" என்று பக்கத்துக் காம்பராக்காரர் அண்ணனைக் கேலி செய்தார். அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பலகை கேட்டவர் எங்கள் தோட்டத்தில் பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை. அவரை மரியாதையாகவே எழுதுகிறேன். அது அவருக்காக இல்லை, எங்கள் பழக்கதோஷம். லீவு கிடைத்தால் கற்பிட்டிக் கடலுக்கு ஓடுவார். வெளிநாட்டில் செய்த அவருடைய பலகை பாறையில் மோதிப் பிளந்துபோனது. ஃபெக்டரியில் தச்சு வேலை பார்த்த அண்ணனைக் கூப்பிட்டு, அதைப் போலவே ஒன்று செய்து தரச் சொன்னார். கண்ணாடி நார்த் துணியும், படகுக்குப் பூசுகிற ரெசினும் கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கின.

அண்ணன் அல்பீசியா மரத்தைப் பட்டை பட்டையாக அறுத்து, பக்கம் பக்கமாக ஒட்டி, இரண்டு முனைக்கும் போகப் போக மெலியும்படி இழைத்தான். மரத்துக்கு மேலும் கீழும் நார்த் துணியை விரித்து ரெசினை ஊற்றி, வளைவாகச் செய்த அச்சில் வைத்து, முழுவதையும் பொலித்தீனால் மூடினான். பழைய ஃபிரிட்ஜ் மோட்டார் ஒன்று உள்ளே இருந்த காற்றை உறிஞ்சியது. துணி மரத்தோடு மரமாக இறுகிப் பிடித்ததைப் பார்த்து அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு குறை, எங்கள் ஊர்க் குளிருக்கும் மழைக்கும் ரெசின் இறுகவே மாட்டேன் என்றது. முதல் பலகையை விறகுக் கொட்டிலில் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதை ஆரம்பித்தான்.

அதுவும் காயாமல் கிடக்க, பார்ப்பதற்குச் சின்னத்துரை எங்கள் இஸ்தோப்புக்கே வந்தார். நானும் அம்மாவும் உள்ளே நின்றோம். சிங்களவரான அவருடைய தமிழ் ஒரு மாதிரியாக இருக்கும்.

"நாளைக்கி ஃபெக்டரி லீவு தானே? பலகை மாடிக்கி கொண்டு போ. நான் அடுப்பு போட சொல்றது. சூடு காத்து வந்தா காயும்."

மாடி என்றால், பறித்த கொழுந்தை விரித்துச் சூட்டுக் காற்றில் வாட்டும் ஃபெக்டரி மாடி. அண்ணன் தலையைச் சொறிந்தான். "தொர, இது வாடை அடிக்கிற சாமானுங்க..."

"பொலித்தீன் சுத்து. ஒண்ணும் ஆகாது."

தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். சலிக்கிற இடத்துக்குப் பெண்கள் பூ வைத்துக்கொண்டு போக முடியாது. ஒருமுறை கருவாட்டுக் குழம்போடு சோறு கொண்டுபோன என்னை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவன் இதே அண்ணன்தான். அப்படிப்பட்டவன், துரை சொன்னதும் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

பலகை கல்லாக இறுகியது. மறுநாள் காலையில் எடுத்துவிட்டார்கள். வாடை மட்டும் மாடியிலேயே தங்கிவிட்டது. அங்கே விரித்த கொழுந்தெல்லாம் தேயிலையாகிக் கொழும்புக்குப் போய், பெயின்ட் நாறுகிறது என்று திரும்பி வந்தது.

பெரிய துரை விசாரணை வைத்தார். அவர் பக்கத்து நாற்காலியில் சின்னத்துரை. அங்கே நடந்ததைத் தொழிற்சங்கத்துத் தலைவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்து கொதித்துக்கொண்டு சொன்னார். "யாரு வைக்கச் சொன்னான்னு மூணு தடவ கேட்டாங்க. இவன் நானாத்தான் வச்சேன்னுட்டான். அந்தாளு ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு! டேய், இப்பவாச்சும் பேரச் சொல்லு. நாளைக்கே வேலைய நிப்பாட்டுறோம்."

அண்ணன் சொல்லவில்லை. விசாரணைக்கு முதல் நாளே சின்னத்துரை அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ சொல்லாதே, நான் பாத்துக்கிறது" என்றிருக்கிறார். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம், அண்ணனுக்கு வேலை போனது. அம்மா கொழுந்து பறித்து ஓய்ந்து உட்கார்ந்துவிட்டவள். தோட்டம் கொடுத்த எங்கள் காம்பரா, அந்த ஒற்றை அறை, அண்ணனுடைய வேலையில் நின்றது. வேலை போனால் காம்பராவும் போகும். "வாயத் தொறங்கண்ணே, நாம எங்க போறது?" என்று நான் கத்தினேன், அழுதேன். "தொரய எப்படித் தங்கச்சி காட்டிக் குடுக்கிறது?" என்றான் என்னிடம், ஏதோ நான் கொலை செய்யச் சொன்னதைப் போல. நாங்கள் சட்டிபானையை லொறியில் ஏற்றிய வாரத்திலேயே சின்னத்துரையின் ஜீப் அந்தப் பலகையைக் கூரையில் கட்டிக்கொண்டு கற்பிட்டிக்குப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், கல்லெடுத்து எறிய என் கை பரபரத்தது.

டிக்கோயாவில் சுவர் கசியும் ஒரு வாடகை அறைக்குப் போனோம். அம்மா கடைசிவரை அதை வீடு என்று சொல்லவில்லை. அவள் செத்தபோது அந்த அறையிலிருந்துதான் எடுத்தோம்.

பிறகு அண்ணன் கற்பிட்டிக்கே வேலை தேடிப் போனான். இப்போது அங்கே சொந்தமாக ஒரு கொட்டில் போட்டு வெள்ளைக்காரர்களுக்குப் பலகை செய்கிறான். கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. சென்ற முறை நான் அங்கே போயிருந்தபோது ஒரு வாகனம் வந்து நின்றது. இறங்கியவருக்குத் தலை நரைத்திருந்தது. ஆனாலும் சின்னத்துரை என்று அடையாளம் தெரிந்தது. அண்ணன் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்கார்ந்து, கூட வந்த நண்பரிடம் சிங்களத்தில், "இந்த ஆளுக்குப் பலகை செய்யப் பழக்கியதே நான்தான்" என்றார்.

நானும் சிங்களத்திலேயே கேட்டேன், நண்பருக்கும் புரியட்டும் என்று. "பலகையைக் கொழுந்து மாடியில் வைக்கச் சொன்னது யார் என்றும் சொல்லுங்களேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். "அது பழைய கதை, தங்கச்சி."

"உங்களுக்குக் கதை. எங்களுக்கு அது வீடு."

நண்பர் அவர் முகத்தைப் பார்த்தார். அவர் கடலைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் போதும் என்றிருந்தது. அதற்குள் அண்ணன் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, அவருக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இப்போது அவனை வேலையிலிருந்து நிறுத்த இவர் துரையும் இல்லை, பறிக்க எங்களிடம் காம்பராவும் இல்லை.

"மனசுல வச்சுக்காதீங்க தொர," என்றான். "தங்கச்சி தெரியாம பேசிருச்சுங்க."

தெரியாமலா? அம்மாவை எந்த வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினேன்.