செக்கிங் அண்ணன் விளிம்புக்குப் போன கதை

பயப்படுவதற்கு அவருக்குக் காரணம் எதுவும் தேவையில்லை. மாடிப்படி ஏறும்போது ஒரு கையால் கைப்பிடியைப் பிடிப்பார், இறங்கும்போது இரண்டு கையாலும் பிடிப்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவார், பிறகு திரும்பி வந்து பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் கண்ணுக்குப் பட்டப்பகலிலும் நாலு பேய் தெரியும். இப்பேர்ப்பட்ட மனிதர் செய்துவந்த தொழில் என்ன தெரியுமா? மலை, பாறை, ஆறு என்று ஏறி இறங்குகிற ஜீப்புகளைத் தயார் செய்து கொடுப்பது.

சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதலபாதாளத்தின் ஓரத்தில் வண்டி ஓட்டப் போகிறவனுக்குத் தைரியசாலி மெக்கானிக் எதற்கு? "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போங்க" என்று முதுகில் தட்டி அனுப்புகிறவனிடம் வண்டியை விட்டால் நம்மைக் கூடையில் அள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். இவரோ ஒவ்வொரு நட்டையும் தன் உயிரே அதில் தொங்குவதுபோல முறுக்குவார். முறுக்கி முடித்ததும் நட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுவார். கோடு போட்டதையே மறுபடி முறுக்கிப் பார்ப்பார். கேட்டால், "இன்னொரு தடவை பார்த்தா தேஞ்சா போயிடும்?" என்பார். அதனால்தான் செக்கிங் அண்ணன் என்ற பெயர் வந்தது. நாளடைவில் அவருடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் மிஞ்சியது.

அந்த வட்டாரத்து ஜீப்காரர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒரு பல் டாக்டர்தான் தலைவர். வாரமெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தான் வாயைத் திறந்துகொண்டு பாறை மேல் வண்டி ஏற்றுவார். குழு கிளம்புவதற்கு முன் எல்லா வண்டியும் அண்ணனுடைய ஷெட்டுக்கு வந்து போக வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

அந்தக் குழுவின் கடைசி வண்டியை ஓட்டுவது அண்ணனுடைய மனைவி. வால் வண்டி என்று சொல்வார்கள். முன்னால் போகிறவன் சேற்றில் மாட்டினாலும் பாறையில் தொங்கினாலும் கயிறு கட்டி இழுத்துவிட்டுக் கடைசியாகக் கடந்து வருகிற வண்டி அது. வார நாளில் அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை ஒரே முறைப்பில் உட்கார வைக்கத் தெரிந்தவருக்கு மலை எம்மாத்திரம்? பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஜீப்பை அடம்பிடித்து வாங்கி வந்தவரும் அவர்தான். அதற்கு உயிர் கொடுத்தவர் புருஷன். உயிர் கொடுத்தாரே தவிர, ஒருநாளும் அதில் ஏறிக் காட்டுக்குப் போனதில்லை. மனைவி கைப்பேசியில் எடுத்து வரும் படங்களைக்கூட முழுதாகப் பார்க்கமாட்டார். விளிம்பு வந்ததும் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார்.

விளிம்பு என்பது குழு வைத்த பெயர். மலைச்சரிவைக் குடைந்து ஒரு ஜீப் அகலத்துக்கு வெட்டிய பாதை. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு வளைவு. அதைத் தாண்டினால் ஒரு வெட்டவெளி, அங்கேதான் சாப்பாடு. திரும்பி வருவதற்கும் அதே விளிம்புதான், வேறு வழி கிடையாது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் மனைவியின் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். ஸ்டீயரிங்கையும் முன்சக்கரத்தையும் சேர்க்கிற கம்பியின் மூட்டு தேய்ந்திருந்ததால் புதுசு போட்டிருந்தார். அந்த மூட்டைப் பிடித்து நிற்பது ஒரே ஒரு நட்டு. நட்டின் தலையில் கிரீடம்போலப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். அதன் வழியே காட்டர் பின் என்கிற இரட்டைக் கால் கம்பியைச் செருகி, இரண்டு காலையும் விரித்து வளைத்துவிட்டால் நட்டு தானாகக் கழலாது. ஒருமுறை வளைத்த பின்னை மறுபடி போடக் கூடாது, கால் ஒடிந்துவிடும். அண்ணன் முறுக்கினார், பின்னைச் செருகினார், வளைத்தார், கோடும் போட்டார். வேலை முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

அண்ணனுக்குத்தான் மனசு கேட்காதே. நாளைக்கு விளிம்பாயிற்றே. நட்டு மூட்டைச் சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று பின்னைப் பிடுங்கி எறிந்தார். நட்டைத் தளர்த்தினார். புதுப் பின் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்பேனருக்குக் கையை நீட்டினார். அதே நேரத்தில் வாசலில் பல் டாக்டரின் வண்டி வந்து நின்றது.

"செக்கிங் அண்ணே, முன்னாடி எங்கேயோ கடகடன்னு சத்தம் வருது. எனக்கு ராத்திரி தூக்கம் வராது, கொஞ்சம் பாருங்களேன்."

"எந்தப் பக்கம் டாக்டர்?"

"தெரிஞ்சா நான் ஏன் பல்லு புடுங்கிட்டு இருக்கேன்?"

அண்ணன் எழுந்து போனார். கடகடத்தது வண்டியல்ல, இருக்கைக்கு அடியில் உருண்ட தண்ணீர் பாட்டில். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் டாக்டர் வண்டியின் பாதி நட்டுகளை முறுக்கியிருந்தார். திரும்பி வந்து மனைவியின் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். மூட்டின் மேல் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அவர் சட்டப்படி கோடு இருந்தால் வேலை முடிந்தது. மற்ற எல்லா நட்டையும் முறுக்கிப் பார்த்துவிட்டு அதை மட்டும் விட்டார். யானைக்கும் அடி சறுக்கும், ஆனால் இந்த யானை சறுக்கியது தரையை அளவுக்கு மீறித் தேய்த்ததால்.

மறுநாள் காலையில் எல்லோரும் வரிசையாகக் கிளம்பினார்கள். கடைசியில் மனைவி கையை ஆட்டினார். "சாயங்காலம் வந்துடுவேன். துணி ஊற வெச்சிருக்கேன், அலசிப் போட்டுடுங்க."

அண்ணன் வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நேற்றைய சட்டையைக் கசக்கும்போது விரலில் ஏதோ குத்தியது. பைக்குள் கையை விட்டு எடுத்தார். ஒரு காட்டர் பின். கால் விரியாமல், வளையாமல், கடையிலிருந்து வந்தபடியே இருந்தது.

இது எதற்கு எடுத்தது என்று ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சட்டையை வாளியில் போட்டுவிட்டு எழுந்தார். பின் மட்டுமா இல்லை? நட்டையும் தளர்த்திவிட்டல்லவா எழுந்து போனார். கோட்டை அழிக்கவில்லை, அவ்வளவுதான். மனைவியை அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது கைப்பேசி. டாக்டருக்கும் அதே பதில். சோப்பு நுரை காயாத கையோடு பின்னையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். வீட்டைப் பூட்டினாரா? பூட்டவே இல்லை. கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

தார் ரோடு முடிகிற வரை சமாளித்தார். அதற்குப் பிறகு ஜீப்புகள் உழுதுவிட்டுப் போன செம்மண் தடம். ஸ்கூட்டர் ஒரு பக்கம் போனால் அண்ணன் ஒரு பக்கம் போனார். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். ஒவ்வொரு குழியிலும் அந்த நட்டு ஒரு சுற்று இறங்குவது அவர் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இந்தக் குழியில் அவள் வண்டியும் குதித்திருக்கும். இந்தப் பாறையில் சக்கரம் திரும்பியிருக்கும். நல்ல வேளை, வழியில் எங்கும் வண்டி கவிழ்ந்த அடையாளம் இல்லை. நல்ல வேளை என்று நினைத்ததற்கே பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "கடவுளே, எங்கேயாவது சேத்துல மாட்டிக்கிட்டு நிக்கட்டும்" என்று வாய்விட்டே வேண்டினார்.

சேறும் இல்லை, நிற்கவும் இல்லை. அவர் விளிம்புக்கு வந்து சேர்ந்தபோது மற்ற வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போயிருந்தன. வால் வண்டி மட்டும் பாதையின் நடுவில், வளைவை நெருங்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

வாய் திறந்துவிட்டது. சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். திரும்பிப் பார்த்தால் கை அசையும், பிரேக்கை அழுத்துவாள். மண் வெளிப்பக்கம் சரிந்த இடம் அது. கூப்பிடாவிட்டாலோ அடுத்தது வளைவு. அங்கே ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தாக வேண்டும். அந்த மூட்டுக்கு மொத்த பாரமும் வருகிற இடம் அதுதான் என்று உலகத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்து என்ன பயன்? நின்று பார்த்தார்.

வண்டி வளைவில் திரும்பியது. வெளிப்பக்கத்து முன்சக்கரம் ஒரு தடவை தானாகத் துள்ளி வேறு பக்கம் பார்த்தது. சின்னக் கற்கள் உதிர்ந்து கீழே போயின. அவை தரையைத் தொட்ட சத்தமே கேட்கவில்லை. சக்கரம் நேரானது. வண்டி நகர்ந்தது, வளைவைத் தாண்டியது, வெட்டவெளியில் போய் நின்றது.

அண்ணன் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு விளிம்பில் இறங்கினார். நடந்தார் என்று சொல்ல முடியாது. பாறைச் சுவரில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்தார். வெட்டவெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தங்கள் கண்ணையே நம்ப முடியவில்லை. கை தட்டினார்கள்.

"செக்கிங் அண்ணனே வந்துட்டாரு. இனிமே மலையையும் முறுக்கிப் பார்த்துட்டுத்தான் விடுவாரு" என்றார் டாக்டர்.

அண்ணன் நேராகப் போய் மனைவியின் வண்டிக்கு அடியில் புகுந்தார். நட்டு கடைசிப் புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் தொட்டார், கழன்று உள்ளங்கையில் விழுந்தது. ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. அப்படியே படுத்துக் கிடந்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு? ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?" மனைவி குனிந்து பார்த்தார்.

பொய் சொல்ல நூறு வழி இருந்தது. பாறை தட்டியது, புது மூட்டு சரியில்லை, எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அண்ணன் வெளியே வந்து கையை விரித்துக் காட்டினார்.

"ஸ்டீயரிங் நட்டு. நேத்து நான்தான் கழட்டினேன். பின்னு போடல. மறந்துட்டேன்."

டாக்டரின் முகத்தில் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. மெதுவாகக் கேட்டார். "அண்ணே, என் வண்டியையும் நீங்கதானே பார்த்தீங்க?"

ஒவ்வொருவராகத் தத்தம் வண்டிப் பக்கம் நகர்ந்தார்கள். குனிந்தார்கள், அடியில் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை காலம் அண்ணன் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் சாவியைப் போட்டவர்கள், இப்போது கோட்டை விட்டுவிட்டு நட்டைத் திருகிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு அவமானம் நெருப்பாய்ச் சுட்டது. ஆனால் அவமானத்துக்கு அழ நேரமில்லை. மறுபடி அடியில் புகுந்து நட்டைப் போட்டு முறுக்கினார். பின்னைச் செருகினார், கால்களை விரித்து வளைத்தார். வளைத்தவர் சற்று நேரம் அதையே பார்த்தார். இன்னொரு தடவை கழற்றிப் பார்த்துவிடலாமா என்று கை தானாகப் போனது.

மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "விடுங்க. மறுபடி கழட்டாதீங்க."

சாப்பாட்டை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் இறங்குமுன் வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அண்ணன் பாறைச் சுவர்ப் பக்கம் போய் நின்றார்.

"நான் நடந்தே வந்துடறேன். நீ மெதுவா வா."

"அப்போ இதுல நான் மட்டும் போகணுமா?"

"இப்ப சரியா இருக்கு. நானே போட்டேன்."

"நேத்தும் நீங்கதான் போட்டீங்க." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அண்ணனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஏறுங்க. இனிமே நீங்க பக்கத்துல உக்காந்தாத்தான் நான் சாவி போடுவேன்."

அண்ணன் ஏறினார். பெல்ட்டை மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே பார்க்கக் கூடாது என்று கண்ணை உள்ளேயே வைத்துக்கொண்டார். அதனால்தான் மனைவியின் கைகள் அவர் கண்ணில் பட்டன. பிள்ளைகள் கூச்சலிடும் வேனையும் அறுந்த கயிற்றையும் வெள்ளத்தையும் அசராமல் சமாளித்த அந்தக் கைகள் ஸ்டீயரிங்கின் மேல் வெடவெடவென்று நடுங்கின.

"எனக்கு பயமா இருக்குங்க" என்றார் மனைவி. "இதுவரைக்கும் இப்படி இருந்ததே இல்ல."

தன் பயத்தில் ஒரு துளியாவது இவளுக்கு இருக்கக் கூடாதா என்று அண்ணன் ஏங்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இன்று அதைக் கொடுத்துவிட்டார், மொத்தமாகவே கொடுத்துவிட்டார். திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் கை இரண்டையும் வெட்டிக் கொடுத்திருப்பார்.

"வளைவுல நான் சொல்றேன், அப்ப ஒடி" என்றார். சொல்லிவிட்டு முதல் தடவையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மனைவி தலையை ஆட்டிவிட்டு முதல் கியரைப் போட்டார்.