கீழ்க்கரையில் நின்ற டீச்சர்

இயற்பியல் டீச்சருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அளவுகோல். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கரும்பலகையில் அணை வரைந்து அலுத்துப்போய், ஓய்வு பெறும் வயதில், பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டு அதற்குள்ளேயே பாடம் நடத்தத் தொடங்கினார். அதில் ஆறு உண்டு, மழை உண்டு, கரையோரம் மேடு உண்டு, ஆளுக்கொரு பொம்மை உண்டு. மேல்கரைக் குழு அணை கட்டும். கீழ்க்கரைக் குழு ஊர் கட்டும்.

"அவங்கவங்க பேரன் பேத்திக்கு வீடு கட்டறாங்க, நீ பொம்மைக்குக் கட்டற" என்று கூடவே குடியிருந்த அக்கா கிண்டலடிப்பார்.

"உன் குழம்பைச் சாப்பிடறதுக்கு அது தேவலாம்" என்பார் டீச்சர்.

அன்று கணினி அறையில், மேல்கரைத் தலைவன் முட்டைக்கண்ணன் எல்லா மதகுகளையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டான். கீழே ஊரும் போனது, ஊரில் நின்ற பொம்மைகளும் போயின. கீழ்க்கரைத் தலைவி வாயாடி வீறிட்டாள். மேல்கரைக்காரர்கள் கைதட்டினார்கள்.

"தெரியாம திறந்துட்டியாடா?"

"தெரிஞ்சுதான் டீச்சர். தண்ணி எப்போ போய்ச் சேரும்னு கணக்குப் போட்டோம். அச்சு அசலா அப்படியே வந்துச்சு. முழு மார்க்குதானே?"

டீச்சர் கணக்கைப் பார்த்தார். வேகம், ஆழம், நேரம், எதிலும் பிழையில்லை. மார்க் போடும் முறையை வகுத்தவர் அவர்தான். கீழே நிற்கும் ஆளைக் காப்பதற்கு அதில் ஒரு மார்க்கும் கிடையாது. சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் பிசகில்லாமல் கற்றிருந்தார்கள்.

வீட்டில் அக்காவிடம் நடந்ததைச் சொன்னார். சோறு இறங்கவில்லை.

"பொம்மைதானேடி செத்துச்சு?"

"செத்தது பொம்மைதான் அக்கா. கைதட்டினது பொம்மை இல்லையே."

இன்னொரு முறை இப்படி நடந்தால் விளையாட்டுக்கு முழுக்குப் போடுவது என்று முடிவெடுத்தார்.

அடுத்த வகுப்பில் இடம் மாற்றினார். முட்டைக்கண்ணன் கூட்டம் கீழே. மதகு வாயாடி கையில். விளையாட்டில் பெருமழையை வரவழைத்தார். தன் பொம்மையையும் கீழ்க்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். அணை விளிம்புவரை நிறைந்தது. வாயாடி எழுந்து வந்து அவர் காதோடு சொன்னாள்:

"டீச்சர், நீங்க மட்டும் மேட்டுல ஏறிக்கங்க."

முட்டைக்கண்ணன் கணக்குக்காகத் திறந்தான். இவள் ஆள் பார்த்துத் திறக்கப்போகிறாள். டீச்சர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"நான் ஏறலை."

"ஐயோ, திறக்காட்டி அணை உடைஞ்சிடும் டீச்சர்!"

"திற, வேண்டாங்கலை. நான் இங்கேதான் நிப்பேன், இவங்களோட."

வாயாடி உதட்டைக் கடித்தாள். திரையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். கடைசியில் அறை அதிர ஒரு கத்தல்:

"டேய் முட்டைக்கண்ணா! உன் கூட்டத்தை இழுத்துக்கிட்டு மேட்டுல ஏறித் தொலைடா! தண்ணி விடப்போறேன்!"

பொம்மைகள் மேட்டைப் பார்த்து ஓடின. டீச்சர் மறுபடி விசைப்பலகையில் கை வைத்தார்.